தங்க நிறப் பூ, கடுகு மாதிரி விதை: ரோட்டோரத்து பிரம்மதண்டு மருந்தா, விஷமா?

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயம் பக்கம் தை, மாசி மாதங்களில் பைக்கில் போனால் இந்தச் செடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. ரோட்டோரம், ஏரிக்கரை, உழாமல் கிடக்கும் தரிசு, வீட்டு மனைக்காகக் கல் நட்டுப் போட்ட நிலம் என எல்லா இடத்திலும் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். உடம்பெல்லாம் முள். உச்சியில் மட்டும் பட்டுத்துணியைக் கசக்கி விரித்த மாதிரி தங்க மஞ்சளில் ஒரு பூ.

அதுதான் பிரம்மதண்டு. "சர்க்கரைக்கு நல்லது", "கண் புரை கரையும்", "ஆஸ்துமா ஓடிப்போகும்" என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் அதே செடி. 1998-ல் டெல்லியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிர் போகக் காரணமான எண்ணெயும் இதே செடியின் விதையில் இருந்து வந்ததுதான்.

இரண்டும் ஒரே செடி என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த விளக்கம்.

எப்படி அடையாளம் காண்பது?

தாவரவியல் பெயர் ஆர்ஜிமோன் மெக்சிகானா. ஓராண்டுச் செடி. ஒரு அடியில் இருந்து மூன்று அடி வரை வளரும்.

இலை: சாம்பல் பூத்த நீலப் பச்சை. நரம்பு ஓடும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஓரத்தில் வெட்டு வெட்டாக மடிப்பு, ஒவ்வொரு நுனியிலும் ஒரு முள். காம்பு கிடையாது, இலையின் அடிப்பகுதி தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும்.

பூ: பெரும்பாலும் ஆறு இதழ்கள். நடுவில் மகரந்தக் கேசரங்கள் கூட்டமாக, அதற்கு நடுவே கருஞ்சிவப்பில் சூல்முடி. மொட்டின் மேல் கொம்பு வைத்த மாதிரி சிறு முனைகள் தெரியும். பூ விரியும்போதே அந்த மூடிகள் உதிர்ந்துவிடும்.

காய்: முள் மூடிய சின்னப் பெட்டி மாதிரி. காய்ந்ததும் உச்சியில் மட்டும் வெடித்துத் திறக்கும். காற்றடித்தால் உப்பு டப்பாவைக் குலுக்குகிற மாதிரி விதைகள் சிதறும்.

பால்: இதுதான் சந்தேகமில்லாத அடையாளம். தண்டை ஒடித்தால் எருக்கில் வருவது போல வெள்ளைப் பால் வராது. மஞ்சள் பால் வரும்.

கண்டங்கத்திரிக்கும் முள் உண்டு, ஆனால் அதன் பூ ஊதா. சப்பாத்திக்கள்ளிக்கும் மஞ்சள் பூ உண்டு, ஆனால் அதற்கு இலை கிடையாது, தட்டுத் தட்டான சதைப் பாகம்தான். அதனால் குழம்ப வேண்டியதில்லை.

கசகசாவுக்குச் சொந்தக்காரன்

பிரம்மதண்டு, 'பாப்பி' எனப்படும் கசகசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா, அபின் எடுக்கும் செடியின் விதை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு மட்டுமே அதைப் பயிரிட முடியும்.

பிரம்மதண்டு அந்தச் செடி இல்லை. இதில் இருந்து அபின் எடுப்பதும் இல்லை. ஆனால் இதே குடும்பத்துக்கே உரிய, வீரியமான ஆல்கலாய்டு ரசாயனங்கள் இதிலும் உண்டு.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு தங்கப்பூவும் இருக்கிறது: கலிபோர்னியா பாப்பி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1903-ல் அதைத் தன் மாநில மலராகச் சட்டப்படி அறிவித்தது. பூக்கும் பருவத்தில் மலைச்சரிவு முழுக்கத் தங்கமாக மாறுவதைப் பார்க்க அங்கே மக்கள் காரில் கிளம்பிப் போகிறார்கள். ஏறக்குறைய அதே நிறம், அதே குடும்பம். அங்கே மாநில மலர். இங்கே காலில் குத்தினால் திட்டு வாங்குகிற களை.

மெக்சிகோ செடிக்கு பிரம்மா பெயர் எப்படி வந்தது?

பெயரில் பிரம்மா இருப்பதால் இது ஆதிகாலத்தில் இருந்தே நம் மண்ணில் இருக்கும் மூலிகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மெக்சிகோவும் அதைச் சுற்றிய வெப்பமண்டல அமெரிக்காவும்தான் இதன் சொந்த ஊர். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை மாதிரி இதுவும் கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்ததுதான். ஆனால் மிளகாயை நாம் விரும்பி வாங்கி வளர்த்தோம். பிரம்மதண்டோ யாரும் கேட்காமலே வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டது.

1753-ல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோதே 'மெக்சிகானா' என்று ஊரையும் சேர்த்தே வைத்தார். மெக்சிகோவில் இதை 'சிகலோதே' என்று சொல்கிறார்கள். அங்கே இருந்த பூர்வகுடிகளின் நாவாட்டில் மொழியில் இருந்து வந்த சொல் அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆயுர்வேத நூல்களில் 'ஸ்வர்ணக்ஷீரி', அதாவது 'தங்கப் பால் உடையது' என்று ஒரு மூலிகை வருகிறது. மஞ்சள் பால் வருவதால் பிரம்மதண்டுதான் அது என்று பிற்காலத்தில் பலர் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் அந்த நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் இந்தச் செடி இந்தியாவிலேயே இல்லை. அதனால் பழைய நூலில் சொன்ன ஸ்வர்ணக்ஷீரி வேறு ஏதோ ஒரு செடியாகத்தான் இருக்க வேண்டும். 'ஆயிரக்கணக்கான ஆண்டு அனுபவம்' என்ற முத்திரையை இந்தச் செடி மேல் குத்தும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையும் பெயரிலேயே இருக்கு

பிரம்மதண்டு என்பது மரியாதையான பெயர். தமிழில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: குடியோட்டிப்பூண்டு. குடியை ஓட்டும் பூண்டு. குடியிருப்பவனையே ஊரைவிட்டு ஓட வைக்கும் செடி என்கிற மாதிரியான பெயர். இந்தியில் இன்னும் கடுமை: 'சத்யானாசி'. 'அடியோடு நாசம் செய்வது' என்றுதான் அர்த்தம்.

காரணம் விவசாயிக்குத் தெரியும். ஆடு, மாடு இதில் வாய் வைக்காது. முள் குத்தும், பால் கசக்கும். மேய்ச்சல் அதிகமான நிலத்தில் மற்ற புல் எல்லாம் தீர்ந்து போக, இது மட்டும் மிஞ்சி நிற்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். எல்லா விதையும் அடுத்த மழைக்கே முளைத்துவிடாது. பல விதைகள் மண்ணுக்குள் வருடக் கணக்கில் காத்திருக்கும். இந்த வருடம் பிடுங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

ஆலங்காயம் பக்கத்து இரண்டு மஞ்சள் பூக்கள்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயத்தில் இருந்து வாணியம்பாடி, ஆம்பூர் என்று வேலூர் வரை நீள்கிற இந்தத் தோல் தொழில் பகுதியில் மஞ்சள் பூ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆவாரை. குரோம் ரசாயனம் வருவதற்கு முன்பு, தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் ஊறவைத்தார்கள். ஆங்கிலத்திலேயே அந்தச் செடிக்குத் தோல் பதனிடுவோர் பெயரைத்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பொங்கல் நேரத்துக் காப்புக் கட்டில் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் வீட்டு வாசலில் இடம் பிடிக்கும். தொழிலுக்கும் பண்டிகைக்கும் பயன்பட்ட செடி அது.

பக்கத்திலேயே பூத்து நிற்கும் பிரம்மதண்டுக்குக் காப்புக் கட்டில் இடம் கிடையாது. அது கைவிட்ட நிலத்தின் பூ.

கைவிட்ட நிலத்துக்கும் இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. டேனரிக் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், இந்தத் தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைக் குறிப்பிட்டது. அந்தக் கழிவுக்கும் பிரம்மதண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல வரவில்லை. கழிவு, தண்ணீர்ப் பஞ்சம், ஆள் பற்றாக்குறை, ரியல் எஸ்டேட் என எந்தக் காரணத்தால் ஏர் நின்று போனாலும், காலியான இடத்தை இந்த மாதிரி முரட்டுச் செடிகள்தான் முதலில் பிடிக்கும்.

1998: டெல்லியில் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் டெல்லி மருத்துவமனைகளுக்குக் குடும்பம் குடும்பமாக நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே தொந்தரவு: இரண்டு காலும் வீங்கி, தோல் சிவந்து, மூச்சு வாங்கியது. விசாரித்தபோது எல்லார் வீட்டிலும் சமையலுக்குக் கடுகு எண்ணெய். சோதித்தபோது அதில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தது.

3,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சமையல் எண்ணெயை லூஸாக விற்கக்கூடாது, பேக் செய்துதான் விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் உத்தரவு அதே 1998-ல் வந்தது.

இந்த நோய்க்குப் பெயர் 'எபிடெமிக் டிராப்சி'. டெல்லியில் வந்தது முதல் முறை இல்லை. 1877-லேயே கொல்கத்தாவில் பதிவாகியிருக்கிறது. கால் வீக்கம் இருந்ததால் முதலில் இதை பெரிபெரி என்று நினைத்தார்கள், பிறகு கெட்டுப்போன அரிசிதான் காரணம் என்றும் சந்தேகப்பட்டார்கள். எண்ணெயில் கலந்த பிரம்மதண்டுதான் குற்றவாளி என்பது 1920, 30-களில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகே உறுதியானது. அதாவது நோய் தெரிந்து காரணம் தெரியவே சுமார் அரை நூற்றாண்டு.

கடுகோடு எப்படிக் கலக்கிறது?

இரண்டு வழி.

ஒன்று, தெரியாமல் கலப்பது. வட இந்தியாவில் கடுகு விளைந்து அறுவடைக்கு வரும் அதே சமயத்தில்தான் வயலில் களையாக நிற்கும் பிரம்மதண்டும் காய் முற்றி நிற்கும். இரண்டு விதையும் சின்னது, கறுப்பு, உருண்டை. சேர்ந்தே மூட்டைக்குள் போய்விடும்.

இரண்டு, தெரிந்தே கலப்பது. பிரம்மதண்டு விதை காசில்லாமல் கிடைக்கும், அதில் எண்ணெயும் கணிசமாக உண்டு. கடுகு எண்ணெய் விலை ஏறும்போது லாபத்துக்காகச் சேர்ப்பது.

எண்ணெயில் வெறும் 1 சதவீதம் கலந்திருந்தாலே நோய் வந்ததாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அந்த அளவை நாக்காலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. வழக்கமான சமையல் சூட்டிலும் விஷம் போய்விடாது.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

விதை எண்ணெயில் உள்ள முக்கியமான நஞ்சு சாங்குயினரைன். இது நுண்ணிய ரத்தக் குழாய்களை விரியவைத்து, அவற்றின் சுவரில் கசிவை உண்டாக்குகிறது. ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வெளியே கசிந்து தசையில் தேங்குகிறது. அதுதான் கால் வீக்கம். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல். இதயம் பலவீனமானால் மரணம் வரை போகும். சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி கிளாக்கோமா வரும்.

இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. அந்த எண்ணெயை உடனே நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. மற்றபடி வீக்கத்துக்கும் இதயத்துக்கும் டாக்டர்கள் சிகிச்சை கொடுப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள்.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் கால் வீங்கினால், டாக்டரிடம் போகும்போது எண்ணெய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நாமதான் கடலை எண்ணெய் ஆச்சே, நமக்கென்ன?

நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டு அடுப்பில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சன்பிளவர்தான் அதிகம். கடுகு நமக்குத் தாளிக்க ஒரு சிட்டிகை. அதனால்தான் இந்த நோய் வட இந்தியாவில் வந்த அளவுக்கு இங்கே பேசப்படவில்லை.

ஆனால் மூன்று விஷயங்கள் மாறியிருக்கின்றன. வட மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் ஊர்களில் மளிகைக் கடைகளிலேயே இப்போது கடுகு எண்ணெய் கிடைக்கிறது. அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் நம் ஊர்க் குழந்தைகள்தான். 'மூட்டு வலிக்கு நல்லது' என்று கடுகு எண்ணெய் வாங்கித் தேய்க்கும் பழக்கமும் கூடியிருக்கிறது; கலப்பட எண்ணெயை உடம்பில் தேய்த்தே இந்த நோய் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. மூன்றாவது, 'செக்கில் ஆட்டியது' என்று சொன்னாலே பாட்டிலில் லேபிள் இருக்கா, பெயர் இருக்கா என்று பார்க்காமல் வாங்குகிறோம். செக்கு மரமானாலும் சரி, இரும்பானாலும் சரி, உள்ளே போடும் விதை சுத்தமாக இருந்தால்தான் எண்ணெய் சுத்தம்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

கடுகு விதையில் முடியும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய வழி இது. ஒரு கைப்பிடி கடுகைத் தட்டில் பரப்புங்கள்.

கடுகு: மேல்தோல் வழவழப்பு. நசுக்கினால் உள்ளே மஞ்சள்.

பிரம்மதண்டு விதை: மேல்தோல் சொரசொரப்பு, கொஞ்சம் கூடுதல் கறுப்பு. நசுக்கினால் உள்ளே வெள்ளை.

செல்போன் கேமராவில் ஜூம் செய்து பார்த்தால் சொரசொரப்பு நன்றாகவே தெரியும்.

எண்ணெயில் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில் நைட்ரிக் அமிலம் சேர்த்து, அமிலப் படலம் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். அடர் அமிலம் தோலை எரித்துவிடும். யூடியூப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் மாதிரியைக் கொடுக்கலாம். சமையல் எண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் துளியும் இருக்கக்கூடாது என்பதுதான் விதி.

அப்போ மருந்துன்னு சொல்றது பொய்யா?

முழுப் பொய் இல்லை. சித்த மருத்துவத்திலும் நாட்டு வைத்தியத்திலும் பிரம்மதண்டு இருக்கிறது. தோல் நோய்க்கு, இருமலுக்கு, இலையை எரித்த சாம்பலைப் பல் தேய்க்க என்று பல வகையில் சொல்வார்கள்.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் மலேரியாவுக்கு இந்தச் செடியின் கஷாயத்தைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை ஆராய்ச்சியாளர்கள் சுமார் 300 நோயாளிகளிடம், வழக்கமான மலேரியா மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். கஷாயம் குடித்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல் குணமானது. ஆனால் ரத்தத்தில் இருந்த மலேரியா கிருமி பலருக்கு முழுசாகப் போகவில்லை என்பதும் இந்தக் கஷாயம் பற்றிய ஆய்வுகளில் தெரிந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அங்கே கொடுத்தது அளவு பார்த்துத் தயாரித்த கஷாயம், விதை எண்ணெய் இல்லை. எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தார். ரோட்டோரம் பிடுங்கி, வீடியோ பார்த்துக் காய்ச்சிக் குடிப்பது அது இல்லை. தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தா பிரிவில் கேளுங்கள். விதையையும் விதை எண்ணெயையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே எடுக்க வேண்டாம்.

கண்ணில் மஞ்சள் பால் விடலாமா?

கூடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இது உலகம் பூராவும் இருக்கும் பழைய நம்பிக்கை. 'ஆர்ஜிமோன்' என்ற பெயரே, கண்ணில் விழும் வெள்ளைப் புள்ளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது. கண் நோய்க்குப் பயன்பட்ட ஒரு பழங்கால பாப்பிச் செடியின் பெயரைத்தான் லின்னேயஸ் எடுத்து இதற்கு வைத்தார். பெயர் வைத்ததாலேயே மருந்தாகிவிடாது.

அந்தப் பால் கண்ணை எரித்துப் புண்ணாக்கும். கண் புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது. மேலே எதை ஊற்றினாலும் கரையாது, ஆபரேஷன்தான் வழி. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். களை பிடுங்கும்போது தெரியாமல் பால் கண்ணில் தெறித்துவிட்டால், கசக்காமல் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு கண் டாக்டரிடம் போங்கள். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

நிலத்தில் இருந்தால் என்ன செய்வது?

பூ விட்டதுமே பிடுங்குங்கள். காய் முற்ற விடக்கூடாது. மண் ஈரமாக இருக்கும்போது ஆணிவேரோடு வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய் முற்றிய செடியை எருக்குழியில் போட்டால் அந்த எருவோடு விதையும் வயலுக்குத் திரும்பிவிடும். இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்தால்தான் மண்ணில் இருக்கும் விதை குறையும். எள், கடுகு, கேழ்வரகு மாதிரி சின்னத் தானியம் போடும் வயலில் அறுவடைக்கு முன்பே ஒரு சுற்று பார்த்துவிடுவது நல்லது.

சுருக்கமாக

பிரம்மதண்டைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டியதில்லை. தொட்டாலே விஷம் ஏறும் செடி இல்லை. பூவை ரசிக்கலாம், போட்டோ எடுக்கலாம். வாயிலும் கண்ணிலும் வைக்காதீர்கள், குழந்தைகள் விதையை எடுத்து விளையாட விடாதீர்கள், லேபிள் இல்லாத எண்ணெயை வாங்காதீர்கள். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த முறை 'பிரம்மதண்டு அதிசயம்' என்று வீடியோ வந்தால், இந்தச் செடிக்கு நம் ஊரிலேயே குடியோட்டி என்று இன்னொரு பெயர் இருப்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.